மீன்பிடிக்கும் பரிசலைத் தாமே கட்டிக்கொள்ளும் முறை

ஏரும் மாடும் சொந்தமாக இல்லாத குடியானவர், மழை பெய்த அன்றும் பிறர் வாயிலில் காத்து நிற்கிறார். அவருடைய நிலத்திற்கு ஏர் வந்து சேர்வதற்குள் ஈரம் காய்ந்துவிடுகிறது. பரிசல் சொந்தமாக இல்லாத மீன்பிடிப்போர் நிலையும் இத்தகையதே. வியாபாரி ஒருவர் பரிசலும் வலையும் கொடுத்து, முன்பணமும் கொடுத்துவிட்டால், மீன் கரைக்கு வருமுன்னரே அதன் விலை அவர் கையில் நிர்ணயமாகிவிடுகிறது. இரவெல்லாம் நீரில் விழித்திருந்தவருக்கு, தாம் பிடித்த மீனுக்குத் தாம் விலை கேட்கும் உரிமை இல்லாமற் போகிறது.

இக்கஷ்டத்தினின்றும் நீங்குவதற்குப் பெரிய மூலதனம் வேண்டுவதில்லை. மூங்கில், பிளாஸ்டிக் சாக்கு, தார், கயிறு ஆகிய இந்நான்கும் கிடைத்தால், இருவர் கூடிச் சில நாட்களில் ஒரு பரிசலைக் கட்டி முடிக்கலாம். ஆயினும், அரைகுறையாய்க் கட்டிய பரிசல் கடனைத் தீர்ப்பதற்குப் பதிலாக உயிரையே வாங்கிவிடக்கூடும். ஆகவே கட்டும் முறை, அதற்குரிய தளவாடங்கள், செலுத்தும் வகை, சங்கம் செய்யத்தக்க உதவி ஆகியவற்றை அங்கத்தினர்களுக்கு இங்கே எடுத்துரைக்கிறோம்.

பரிசலின் பழைமையும் தன்மையும்

பரிசல் நம் ஆறுகளுக்குப் புதியதன்று. 1520-ஆம் ஆண்டை ஒட்டி விஜயநகரத்திற்கு வந்த டொமிங்கோ பயஸ் என்னும் போர்ச்சுகீசிய யாத்திரிகர், கூடைபோற் பின்னித் தோலால் மூடிய வட்டமான ஓடங்களில் ஜனங்கள் துங்கபத்திரையைக் கடந்ததையும், அவ்வோடங்கள் சுழன்றுகொண்டே சென்றதையும் எழுதிவைத்திருக்கிறார். காவிரியிலும் பவானியிலும் இதே வகை ஓடம் வழிவழியாக இருந்து வருகிறது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்து ஸ்டான்லி நீர்த்தேக்கம் உண்டானபின்னும், 1955-இல் பவானிசாகர் அணை முடிந்தபின்னும், ஆற்றைக் கடக்க உதவிய பரிசல் தேக்கத்தில் மீன்பிடிக்கவும் முக்கிய சாதனமாயிற்று.

இதற்குக் காரணம் உண்டு. பலகைப் படகு கட்டத் தச்சரும் நல்ல மரமும் வேண்டும். அதனைக் கரையேற்ற நான்கு பேர் வேண்டும். பரிசலோ தட்டையான அடியுடையதாகையால் முழங்கால் அளவு நீரிலும் மிதக்கும். அணை கட்டியபோது நீரில் மூழ்கிய மரக்கட்டைகளுக்கும் பாறைகளுக்கும் மேலாகத் தடையின்றிச் செல்லும். வேலை முடிந்தபின் ஒருவரே அதனைக் கவிழ்த்துத் தலைமேல் சுமந்து வீடு சேரலாம். இதன் குறைகள் இரண்டு: வேகம் குறைவு, காற்றடித்தால் சருகுபோல் ஒதுங்கிப்போகும். இவ்விரண்டையும் செலுத்துவோர் எப்பொழுதும் நினைவில் வைக்கவேண்டும்.

அளவும் தாங்கும் பாரமும்

இருவர் ஏறி மீன்பிடிப்பதற்கு, அடித்தளம் 5 அடி குறுக்களவும், வாய் 6 அடி குறுக்களவும், ஆழம் 2 அடியும் உள்ள பரிசல் போதுமானது. இதன் பாரம் தாங்கும் சக்தியை எளிதிற் கணக்கிடலாம். 5 அடி குறுக்களவுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 19½ சதுர அடி. அது ஓர் அங்குலம் நீரில் அமிழும்போது சுமார் 1.6 கன அடி நீரை விலக்குகிறது. ஒரு கன அடி நீரின் எடை 28 கிலோவுக்குச் சற்று அதிகம். எனவே, ஓர் அங்குலத்திற்குச் சுமார் 46 கிலோ பாரம் தாங்கும். ஆள் இருவர் 130 கிலோ, பரிசல் 40 கிலோ, வலையும் மீனும் பிற சாமான்களும் 50 கிலோ என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 220 கிலோ. இதற்குப் பரிசல் 5 அங்குலத்திற்குள்ளாகவே அமிழும். நீர்மட்டத்திற்கு மேல் ஒன்றரை அடிக்குக் குறையாமல் விளிம்பு நிற்கும்.

இக்கணக்கைக் கண்டு, இன்னும் மூவர் ஏறலாமே என்று எவரும் எண்ணுதல் கூடாது. பரிசல் பாரத்தால் அமிழ்ந்து கெடுவதைவிட, பாரம் ஒரு பக்கம் சாய்வதால் கவிழ்வதே மிகுதி. ஆட்கள் பெருகப் பெருக, ஒருவர் அசைந்தால் மற்றவர் நகரவும் இடமிராது. ஆகவே அடியிலிருந்து 7 அங்குல உயரத்தில், வெளிப்புறத்தைச் சுற்றி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் நாடாவைத் தாரோடு ஒட்டிவைத்தல் நலம். அந்நாடா நீரில் மறைந்தால் பாரம் மிகுதி என்று எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறிந்துகொள்வார்.

மூங்கிலைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று வயதுக்குக் குறையாத முற்றிய மூங்கிலையே கொள்ளவேண்டும். இளமூங்கில் வளைவதற்கு இனிதாயினும் விரைவில் உளுத்துப்போகும். மூங்கிலில் உள்ள மாச்சத்தை நாடியே துளைக்கும் வண்டு வருகிறது. வெட்டிய கழிகளை இரண்டு மூன்று வாரம் ஓடும் நீரில் ஊறவைத்தால் அச்சத்துப் பெரும்பாலும் கரைந்து நீங்கும். பின்னர் நிழலில் உலர்த்தவேண்டும். வெயிலில் உலர்த்தினால் வெடிப்புக் காணும்.

மேற்கண்ட அளவுக்குச் சுமார் 10 கழிகள் வேண்டும். ஒவ்வொன்றையும் 1¼ அங்குல அகலமுள்ள பிளாச்சுகளாகப் பிளந்து, உட்புறத்து மெல்லிய சதையைச் சீவி நீக்கவேண்டும். கணுக்களை மழமழப்பாகச் செதுக்குவதும், இரு ஓரங்களின் கூர்மையைக் கத்தியால் தேய்த்து மழுக்குவதும் மிக அவசியம். ஓரம் கூராயிருந்தால் அதுவே நாளடைவில் மேலுறையை அறுத்துவிடும். அடியைக் கடந்து இரு பக்கமும் மேலேறவேண்டிய பிளாச்சுகள் 11 அல்லது 12 அடி நீளம் இருத்தல் வேண்டும். பின்னுவதற்கு முதல் நாள் அவற்றை மீண்டும் நீரில் போட்டு வைத்தால் ஒடியாமல் வளையும்.

கூடு பின்னுதல்

சமமான தரையில் முளையடித்துக் கயிறு கட்டி, 5 அடி குறுக்களவுள்ள வட்டம் ஒன்று கீறிக்கொள்க. கோழியைக் கவிழ்க்கும் பஞ்சாரத்தின் பின்னலை அனைவரும் கண்டிருப்பர். பரிசலின் அடியும் அவ்வாறே மூன்று திசைகளிலும் பிளாச்சுகள் ஒன்றையொன்று மேலும் கீழுமாகக் கடந்து, ஆறு மூலையுள்ள கண்கள் உண்டாகும்படி பின்னப்படுகிறது. ஒவ்வொரு திசைக்கும் 9 வரிசையும், வரிசைக்கு இரண்டிரண்டு பிளாச்சுகளுமாக, மொத்தம் 54 பிளாச்சுகள் செல்லும். நடுவிலிருந்து தொடங்கி, வரிசைக்கு வரிசை சுமார் 6 அங்குல இடைவெளி விட்டு, வட்டத்தின் ஓரம் வரை பின்னிச் செல்லவேண்டும். பிளாச்சின் தோற்புறம் பரிசலின் வெளிப்பக்கம் அமையும்படி பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். வளையும்போது இழுபடுவது வெளிப்பக்கமாகையால், வலுவுள்ள தோல் அங்கே இருப்பதே தகும்.

அடி முடிந்தவுடன் அதன்மேல் கற்களைப் பரப்பிப் பாரம் ஏற்றவேண்டும். வட்டத்தின் ஓரத்தில் நீர் தெளித்து, பிளாச்சுகளை ஒவ்வொன்றாக மெல்ல மேலே வளைத்து, முதலில் தளர்த்தியாகக் கட்டிய ஒரு வளையத்துக்குள் நிறுத்துக. எதிரெதிர்ப் பிளாச்சுகளை ஒரே சமயத்தில் வளைத்தால் கூடு ஒருபுறம் கோணாது. பின்னர் நீண்ட பிளாச்சுகளைக் கொண்டு அரை அடிக்கு ஒன்றாகப் பக்கங்களைச் சுற்றிப் பின்னவேண்டும்.

விளிம்பே பரிசலின் முதுகெலும்பு. உட்புறம் மூன்று, வெளிப்புறம் மூன்று பிளாச்சு வளையங்களை வைத்து, நிமிர்ந்து நிற்கும் நுனிகளை அவற்றின் இடையில் மடக்கிச் செருகி, நைலான் கயிற்றால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுக. வளையங்களின் பொருத்துகள் ஒரே இடத்தில் வாராமல் மாறி மாறி வருதல் வேண்டும். இருவர் எதிரெதிராக நின்று விளிம்பை அழுத்திப் பார்த்தால் அது சிறிது வளைந்து உடனே பழைய வடிவுக்கு மீளவேண்டும். பிளாச்சு கிறீச்சிட்டால் கட்டு தளர்ந்திருக்கிறது என்று அறிக.

மேலுறையும் தாரும்

முற்காலத்தில் மாட்டுத் தோலே பரிசலுக்கு மேலுறையாயிருந்தது. தோல் வலுவுடையதெனினும், அடிக்கடி உலர்த்தாவிடில் அழுகும், விலையும் மிகுதி. இப்பொழுது பின்னல் பிளாஸ்டிக் சாக்குகளையோ தார்ப்பாயையோ ஜனங்கள் உபயோகித்து வருகின்றனர். சாக்குகளைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று 3 அங்குலம் ஏறும்படி வைத்து, இரட்டைத் தையலாகத் தைத்து, 11 அடிச் சதுரமான விரிப்பொன்று செய்துகொள்க. உரம் இருந்த சாக்கானால் நன்றாகக் கழுவி உலர்த்தியபின்னரே தைக்கவேண்டும்.

கூட்டைக் கவிழ்த்து, விரிப்பை அதன்மேல் பரப்பி, சுருக்கமின்றி இழுத்து, விளிம்பைச் சுற்றி உட்புறமாக மடித்துத் தைக்கவேண்டும். பக்கங்களில் மிகுந்து நிற்கும் துணியை வெட்டுதல் கூடாது. மடிப்பாக மடித்து ஒரே திசையில் படியவைத்துத் தைக்கவேண்டும். வெட்டிய இடமே பின்னர் ஒழுகும் இடம்.

தாரை உருக்குங்கால் ஜாக்கிரதை வேண்டும். வீட்டுக்கும் வைக்கோற்போருக்கும் எட்டத்தில், காற்றுக்கு எதிர்ப்புறம் நில்லாமல், பாத்திரத்தில் பாதிக்குமேல் நிரப்பாமல் உருக்குக. உருகிய தாரில் நீர்த்துளி விழுந்தால் அது பொங்கித் தெறித்து உடம்பைப் புண்ணாக்கும். ஆதலால் ஈரக் கோலையும் ஈரக் கையையும் அருகே கொண்டுசெல்லுதல் ஆகாது. குழந்தைகளை அவ்விடத்தினின்றும் அகற்றிவிடுக. கொதிக்கும் தாரை உடனே பூசினால் பிளாஸ்டிக் சுருங்கிப் பொத்துப்போகும். அடுப்பிலிருந்து இறக்கி, கோலிலிருந்து தேன்போல் வழியும் பதத்துக்கு ஆறியபின், தையல்களின்மேல் முதலிலும் பின்னர் மற்ற இடங்களிலும் பூசவேண்டும். அது இளகி இருக்கும்போதே, 6 அடி குறுக்களவுள்ள மற்றொரு சாக்கு விரிப்பை அடிப்பாகத்தில் மட்டும் ஒட்டி, அதன்மேலும் தார் பூசுக. கல்லிலும் கட்டையிலும் உரசும் இடம் அடிப்பாகமே ஆகையால் அதற்கு இரட்டை உறை வேண்டும். மேலே மெல்லிய மணலைத் தூவிவிட்டால் வெயிலில் ஒட்டிக்கொள்ளாது. இரண்டு நாள் நிழலில் கவிழ்த்து ஆறவிடுக.

பரீட்சை செய்தல்

புதுப் பரிசலை நேரே ஆழத்துக்குக் கொண்டுசெல்லுதல் தவறு. இடுப்பளவு நீரில் அதனை மிதக்கவிட்டு, இருவர் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை வைத்து, அரை நாள் விட்டுவைக்கவேண்டும். உள்ளே ஈரம் காணும் இடங்களைக் கயிற்று முடிச்சால் அடையாளம் செய்து, உலர்த்தியபின் வெளிப்புறம் தார் பூசுக. பிறகு அதே நீரில் ஒருவர் விளிம்பருகே அமர்ந்து, எவ்வளவு சாய்கிறது என்று கண்ணாரக் காணவேண்டும். இவ்வனுபவம் ஆயிரம் புத்திமதிக்கு மேலானது.

துடுப்பும் தளவாடங்களும்

துடுப்பு சுமார் 5 அடி நீளமும், அதன் இலை ஒன்றரை அடி நீளமும் 6 அங்குல அகலமும் உள்ளதாய், முடிச்சில்லாத லேசான மரத்தில் செய்யப்படவேண்டும். ஒன்று கைதவறினாலும் ஒடிந்தாலும் கரைசேர வழியிராதாகையால், இரண்டு துடுப்புகள் இன்றிப் பரிசலை நீரில் இறக்குதல் கூடாது. உட்கார ஒரு சிறு பலகையும், கால் பிளாச்சில் அழுந்தாதிருக்க ஒரு மூங்கில் தட்டியும் வேண்டும்.

இவையன்றி, நீர் இறைக்க ஒரு தகரக் குவளை, 30 அடிக் கயிறு, நங்கூரமாக ஒரு கல், வலை காலிற் சுற்றினால் அறுக்க ஒரு கத்தி, இரவில் ஒரு மின்விளக்கு, உதவிக்கு அழைக்க ஒரு ஊதல், பொத்தலுக்குத் துண்டுச் சாக்கும் சிறிது தாரும் எப்பொழுதும் இருக்கவேண்டும். இவற்றுள் எல்லாம் முதன்மையானது உயிர்காப்பு அங்கி. ஆளுக்கு ஒன்று வாங்கி அணிந்துகொள்வதே முறை. அது வாங்கும்வரை, இறுக மூடிய 5 லிட்டர் காலிக் கேன்கள் இரண்டை ஆளுக்கொரு ஜோடியாகக் கயிற்றால் இணைத்துப் பரிசலுக்குள் வைத்திருக்கவேண்டும். அவ்விரண்டும் சேர்ந்து சுமார் 10 கிலோ பாரத்தைத் தாங்கும். நீரில் விழுந்த ஒருவரின் தலையை மேலே நிறுத்த இது போதும். இது அங்கிக்கு ஈடாகாது. அங்கியில்லாத நாளுக்கு ஒரு கைத்துணையே.

செலுத்தும் வகை

பலகைப் படகைப்போல் பக்கத்தில் துடுப்புப் போட்டால் பரிசல் நின்ற இடத்திலேயே சுழலும். செல்லவேண்டிய திசையை நோக்கி, முன் விளிம்பருகே குந்தியோ மண்டியிட்டோ இருந்து, துடுப்பை முன்னே நீட்டி நீரைத் தம்மை நோக்கி வாரி இழுக்கவேண்டும். ஒருமுறை சற்று வலமும் மறுமுறை சற்று இடமுமாக மாற்றி இழுத்தால் பரிசல் நேரே செல்லும். ஒருவர் முன்னே இருப்பின் மற்றவர் நேரெதிர்ப் பக்கத்தில் இருந்து சமன் செய்யவேண்டும். எழுந்து நிற்பதும், இருவரும் ஒரே பக்கம் குனிவதும் ஒருபோதும் ஆகாது. மீன் மிகுதியாய் விழுந்த மகிழ்ச்சியில் இருவரும் ஒரே விளிம்புக்கு விரைந்தால் பரிசல் கவிழ்ந்துவிடக்கூடும்.

வலையைப் பரிசலின் நடுவில் மடிப்பாக அடுக்கி, ஒருவர் மெல்லத் துடுப்புப் போட, மற்றவர் அமர்ந்தபடியே சிறிது சிறிதாக நீரில் விடவேண்டும். மாலையில் கட்டி விடியலில் எடுப்பது வழக்கம். கட்லா, ரோகு போன்ற கெண்டை வகைகளின் குஞ்சுகளைப் பிடிக்கும் சிறு கண் வலையை அங்கத்தினர் விலக்கவேண்டும். இன்று குஞ்சாகக் கரையேறும் மீன் நாளை எடையாகக் கரையேற இராது. பரிசல் சொந்தமானதுபோல் தேக்கத்து மீனும் நம் சொந்தம் என்ற எண்ணம் வேண்டும். மீன்பிடிக்கும் உரிமச்சீட்டு இன்றி எந்தத் தேக்கத்திலும் இறங்குதல் தகாது.

ஆனி முதல் ஆவணி வரை மேல்காற்று பலமாக வீசும் காலத்தில் அகன்ற நீர்ப்பரப்பில் அலை எழும். அக்காலத்தில் கரையோரமாகவே செல்க. அணையின் மதகருகிலும், மதகு திறக்கும் நாளில் அணைக்குக் கீழுள்ள ஆற்றிலும், வெள்ளம் வரும் நாளில் எவ்விடத்திலும் பரிசலை இறக்குதல் ஆகாது. கவிழ்ந்தால் பரிசலை விட்டு நீந்த முயலாமல், அதனைப் பற்றிக்கொண்டே உதவிக்கு அழைக்கவேண்டும். மது அருந்தியவரைத் துணையாகக் கொள்ளவேண்டாம்.

பேணுதல்

வேலை முடிந்தவுடன் பரிசலைக் கரையேற்றிக் கழுவி, இரண்டு கற்களின்மேல் நிழலில் கவிழ்த்து வைக்கவேண்டும். தரையில் இழுத்துச் செல்லுதல் கூடாது. கடும் வெயில் சாக்கைப் பொடியாக்கும். ஆண்டுக்கு இருமுறை தார் பூசி, கட்டுகளைச் சோதித்து, ஒடிந்த பிளாச்சை உடனே மாற்றவேண்டும். இவ்விதம் பேணினாலும் மூங்கில் நிரந்தரமன்று. உளுத்த தூள் உதிரத் தொடங்கிய கூட்டை ஒட்டுப்போட்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

சங்கத்தின் கடமை

கூட்டுறவும் மீன்தொழிலும் அன்றைய சென்னை மாகாணத்தில் ஒரே மனிதரின் கவனத்தைப் பெற்றவை. கிராமக் கடன் பாங்குகளைப்பற்றி 1895 முதல் 1897 வரை அறிக்கை வெளியிட்டு, 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு வழிகோலியவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். பின்னர்ச் சென்னை மாகாணத்து மீன்தொழில் இலாகாவைத் தொடங்கி நடத்தியவரும் அவரே. கடன் தீராமல் தொழில் வளராது. தொழில் வளராமல் கடன் தீராது என்னும் உண்மை அன்றுபோல் இன்றும் பொருந்தும்.

ஒரு கணக்கை எண்ணிப் பார்ப்போம். ஓர் அங்கத்தினர் நாளொன்றுக்கு 8 கிலோ மீன் பிடிக்கிறார் என்றும், முன்பணம் கொடுத்த வியாபாரி கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்தே கொடுக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 160 ரூபாய் நஷ்டம். மாதத்தில் 25 நாளுக்கு 4,000 ரூபாய். பரிசலுக்கும் தளவாடங்களுக்கும் 8,000 ரூபாய் ஆகுமானால், அந்நஷ்டம் நின்ற இரண்டே மாதத்தில் அக்கடன் அடைந்துவிடும். இவை உதாரணத்துக்காகக் கொண்ட தொகைகளே. ஒவ்வோர் அங்கத்தினரும் தத்தம் ஊர் விலையை இட்டுத் தமது கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கவேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை பின்வருமாறு: மூங்கில், சாக்கு, தார், கயிறு ஆகியவற்றை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுத்தல், தார் உருக்கும் பாத்திரம் ஒன்றைப் பொதுவில் வைத்தல், பின்னல் அறிந்த முதியோரைக்கொண்டு இளைஞருக்குக் கற்பித்தல், கடன் தொகையில் உயிர்காப்பு அங்கியின் விலையையும் சேர்த்தே வழங்குதல், சங்கப் பிரதிநிதி நீரில் பரீட்சித்துப் பார்த்தபின்னரே பரிசலைத் தொழிலுக்கு அனுமதித்தல், மீன் விலையிலிருந்து சிறு தவணையாகக் கடனைப் பிடித்துக்கொள்ளுதல். சர்க்கார் மீன்வளத் துறை பரிசலுக்கும் வலைக்கும் மானியம் அளிக்கும் காலத்தில் அதனைத் தவறாது கேட்டுப் பெறுதலும் சங்கத்தின் கடமையே.

தம் கையால் பின்னிய கூட்டில், தாம் வாங்கிய வலையோடு ஒருவர் விடியற்காலையில் கரை சேரும்போது, மீனுக்கு விலை கேட்க அவர் எவர் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. அந்நாளை விரும்பும் அங்கத்தினர்கள் அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இவ்விஷயத்தை எடுத்துப் பேசி, மேல்காற்று ஓய்ந்தபின் முதற்பரிசலை நீரில் இறக்கும்படி ஏற்பாடு செய்வார்களாக.